கன்வேயர் மோட்டாரை 15 நிமிடத்தில் மாற்ற என்ன செய்யலாம்?

கேள்வி: ஈரோடு பக்கம் மஞ்சள் தூள் பாக்கிங் யூனிட் நடத்துகிறோம். 6 மீட்டர் பெல்ட் கன்வேயர், சற்று ஏற்றமாகப் போகிறது. 1 எச்.பி. மோட்டார், 30-க்கு 1 வார்ம் கியர்பாக்ஸ் (மோட்டார் 30 சுற்றுச் சுற்றினால் வெளியே 1 சுற்று), அதிலிருந்து செயின் வழியாக டிரைவ் டிரம். மோட்டார் கெட்டால் மாற்றி ஓட்ட 3 மணி நேரம் ஆகிறது. ஸ்பேர் மோட்டார் கையிலேயே இருக்கிறது. போல்ட்டுக்குப் பதில் கிளாம்ப் வைத்துச் சட்டென்று கழற்றி மாட்டும்படி செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் கிளாம்ப் வாங்கக் கிளம்பும் முன், அந்த 3 மணி நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். போல்ட்டு கழற்ற 10 நிமிடம் போதும். கீயோடு (ஷாஃப்ட் வழுக்காமல் பிடிக்கும் கட்டை) சேர்ந்து துருப்பிடித்து இறுகிய ஷாஃப்டை உருவுவது, செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்கு நூல் பிடித்து நேர் பார்ப்பது, டெர்மினல் பாக்ஸைத் திறந்து ஒயர் மாற்றுவது – மீதி நேரத்தை இந்த மூன்றுதான் தின்கின்றன. கிளாம்ப் இவற்றில் எதையும் தொடாது. மாற்றும்போது அலைன்மென்ட் பார்க்க வேண்டிய தேவையே வராதபடி அமைத்துவிட்டால், சாதாரண போல்ட்டை வைத்தே 15 நிமிடத்தில் முடியும்.

அதற்கு முதல் படி, மோட்டாரை மட்டும் மாற்றும் பழக்கத்தை விடுவது. மோட்டாரும் கியர்பாக்ஸும் பூட்டியபடி ஒரே யூனிட்டாக ஸ்பேர் இருக்கட்டும். கன்வேயரிலிருந்து முழு யூனிட்டும் இறங்கும், இன்னொன்று ஏறும். எது கெட்டது, பேரிங்கா வைண்டிங்கா என்பதை ஒர்க் பெஞ்சில் வைத்து நிதானமாகப் பார்க்கலாம். ஒரு கியர்பாக்ஸ் கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும். லைன் நின்று ஆட்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கும் அரை நாளின் கூலியோடு அந்த விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது செயினையே எடுத்துவிடும் வழி. இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் பல் எண்ணிக்கை ஒன்றுதானா என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் செயின் வேகத்தைக் குறைக்கவில்லை, சக்தியைக் கடத்துகிறது, அவ்வளவுதான். அப்போது நடுவில் துளை உள்ள ஹாலோ ஷாஃப்ட் கியர்பாக்ஸை நேராக டிரம் ஷாஃப்டிலேயே மாட்டிவிடலாம். டிரம் பக்கம் பல் இரண்டு மடங்கு என்றால் கியர்பாக்ஸ் 60-க்கு 1 ஆக வேண்டும். டார்க் (திருகு விசை) கூடும், 63 சைஸில் (உள்ளே இருக்கும் வார்முக்கும் வீலுக்கும் மையத் தூரம் 63 மில்லிமீட்டர்) அடங்காது. 75 சைஸைப் பார்க்க வேண்டும்.

ஒன்றுக்கு ஒன்று என்றே வைத்துக் கணக்குப் பார்ப்போம். 0.75 கிலோவாட், 1400 ஆர்.பி.எம். மோட்டார் தருவது சுமார் 5.1 நியூட்டன் மீட்டர். 30 மடங்கு, வார்ம் கியரின் திறன் 75 சதவீதம் என்றால், டிரம்மில் கிடைப்பது சுமார் 115 நியூட்டன் மீட்டர். 63 சைஸ் வார்ம் கியர்பாக்ஸின் வழக்கமான உள்துளை 25 மில்லிமீட்டர், கீ 8 மில்லிமீட்டர். டிரம் ஷாஃப்டின் முனையை லேத்தில் அந்த அளவுக்குக் கடைந்துகொள்ளுங்கள். 25.00-க்கு மேல் போகக் கூடாது, 24.98-க்குக் கீழும் இறங்கக் கூடாது. “கொஞ்சம் லூசா இருந்தாத்தான் ஈசியா ஏறும்” என்று டர்னர் சொல்வார். கேட்காதீர்கள். லூசான ஷாஃப்ட் உள்ளேயே நுண்ணியதாக ஆடி ஆடிச் சிவப்புப் பொடி கக்கும். கடைசியில் அதுதான் இறுகிப்போய்க் கழற்றவே வராது. மாட்டும்போது ஷாஃப்டிலும் துளைக்குள்ளும் இறுகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் மெல்லியதாகத் தடவுங்கள். உணவுப் பொருள் ஓடும் இடம் என்பதால் ஃபுட் கிரேடு பேஸ்டாகக் கேட்டு வாங்குங்கள்.

ஷாஃப்ட் முனையில் எம்10 மரை போட்டு, பெரிய வாஷர் வைத்து ஒரு போல்ட்டால் கியர்பாக்ஸைப் பிடித்துக்கொள்ளலாம். கழற்ற இழுப்புத் தகடு ஒன்று செய்து வையுங்கள். கியர்பாக்ஸின் அவுட்புட் முகத்தில் மரைத் துளைகள் இருக்கும். அவற்றுக்குப் பொருந்த 10 மில்லிமீட்டர் தகட்டில் துளையிட்டு, நடுவில் எம்12 மரை. தகட்டைப் பூட்டி நடு போல்ட்டைத் திருகினால் அது ஷாஃப்ட் முனையைத் தள்ளும், கியர்பாக்ஸ் தானாக வெளியே நகரும். போல்ட்டு நுனிக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே ஒரு சின்ன வட்டத் தகடு வையுங்கள், இல்லாவிட்டால் எம்10 மரை நசுங்கிவிடும். இந்தத் தகடு கன்வேயரிலேயே தொங்கட்டும். டூல் ரூமில் இருந்தால் தேடவே 20 நிமிடம் போய்விடும். அந்த அவசரத்தில் கையில் அகப்படுவது சுத்தியல். அலுமினிய உடம்பில் அது ஒரு முறை விழுந்தால் போதும்.

இனி, கியர்பாக்ஸ் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றாமல் தடுக்க டார்க் ஆர்ம், அதாவது கியர்பாக்ஸை ஃபிரேமோடு இணைக்கும் கை. எளிதாகக் கழலும் தன்மை வருவது இதனால்தான். 150 மில்லிமீட்டர் நீள ஆர்ம் என்றால் அதன் நுனியில் வரும் விசை 115-ஐ 0.15-ஆல் வகுக்க சுமார் 770 நியூட்டன், ஏறக்குறைய 78 கிலோ. நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போதும் பெல்ட் சிக்கும்போதும் இது இரண்டு மடங்குக்கு மேல் போகும். 200 கிலோ என்றே வைத்துக்கொண்டாலும், இருபுறமும் காது உள்ள பிராக்கெட்டில் 12 மில்லிமீட்டர் பின் தாராளமாகத் தாங்கும். தேய்வது பின் அல்ல, நடுவில் உள்ள ரப்பர் புஷ். இரண்டு புஷ் ஸ்பேர் வைத்துக்கொள்ளுங்கள். பின்னுக்குத் தலை இருக்கட்டும், மறுமுனையில் ஸ்பிரிங் கிளிப், இரண்டும் சங்கிலியால் பிராக்கெட்டில் கட்டியபடி. கிளிப்பை உருவி, பின்னை எடுத்து, ஷாஃப்ட் முனை போல்ட்டைக் கழற்றினால் இயந்திரப் பக்கத்து வேலை முடிந்தது.

பலரும் தவறு செய்வது இதற்கு அடுத்த கட்டத்தில். ஓடும்போது யூனிட் மெல்ல ஆடும். டிரம் ஷாஃப்ட் சுற்றும்போது மையத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் விலகினாலே மோட்டாரின் பின்பக்கம் ஆடுவது கண்ணுக்குத் தெரியும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். யாராவது பார்த்துவிட்டு, “மோட்டார் ஆடுதே” என்று அடியில் ஒரு ஆங்கிள் வைத்து வெல்டு அடித்துவிடுவார்கள். ஷாஃப்ட் ஒரு பக்கம், ஆங்கிள் ஒரு பக்கம் என்று இரண்டும் பிடித்து இழுக்க, ஆட முடியாத கியர்பாக்ஸ் அந்த விசை முழுவதையும் தன் பேரிங்கில் வாங்கிக்கொள்ளும். முதலில் ஆயில் சீல் கசியும், பிறகு பேரிங் சத்தம் போடும், குறை கியர்பாக்ஸின் மேல் விழும். ஆட்டம் 2, 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் மட்டும் ஷாஃப்டைக் கடைந்ததில் கோளாறா என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள்.

செயினை எடுக்க முடியாத இடம் என்றால் தகட்டு முறைக்குப் போகலாம். யூனிட்டை ஃபிரேமில் நேராகப் பூட்டாமல் 12 மில்லிமீட்டர் எம்.எஸ். தகட்டில் பூட்டுங்கள். ஸ்பேருக்கும் அதே அளவில் இன்னொரு தகடு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒரே அமர்வில் துளையிட வேண்டும். ஃபிரேமில் தகட்டை இடம் மாறாமல் பிடிக்கும் உருளை முளைகள், அதாவது டவல் பின், இரண்டு நிற்கட்டும். தகட்டில் ஒன்றுக்கு வட்டத் துளை, மற்றதற்கு நீள்துளை. இரண்டும் வட்டமாக இருந்தால் துளை இடைவெளியில் சிறு வித்தியாசம் வந்தாலே தகடு ஏற அடம்பிடிக்கும். கீழே பிடிக்க, கீல் போட்ட எம்12 ஸ்விங் போல்ட்டு இரண்டு அல்லது நான்கு. நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தினால் போல்ட்டு பக்கவாட்டில் சாயும், எதுவும் கீழே விழுந்து தொலையாது.

செயின் டென்ஷனுக்கான திருகும் அதன் லாக் நட்டும் ஃபிரேம் பக்கம் நகரும் பேஸில் இருக்கட்டும், மாற்றும் தகட்டில் வேண்டாம். ஸ்பேரில் ஸ்ப்ராக்கெட்டை முன்கூட்டியே ஏற்றி, தகட்டு விளிம்பிலிருந்து அதன் முகத்துக்கு உள்ள தூரத்தைப் பழையதோடு 0.5 மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகச் செய்து ஸ்க்ரூ முறுக்குங்கள். நூல் பிடிக்கும் வேலை அங்கேயே ஒழிந்தது. கால் வைத்த மோட்டார்களில் ஷிம்மையும் (உயரம் சரிசெய்யக் காலுக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடு) கவனிக்க வேண்டும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1231-ன்படி 80 ஃபிரேம் மோட்டாரின் கால் துளைகள் 125-க்கு 100, ஷாஃப்ட் 19 மில்லிமீட்டர், எந்தக் கம்பெனியானாலும் இது மாறாது. ஆனால் 80 என்ற மைய உயரம் அரை மில்லிமீட்டர் வரை குறைவாக இருக்க அனுமதி உண்டு. அதனால் ஒவ்வொரு மோட்டாருக்கும் உரிய ஷிம்மை அதன் தகட்டோடேயே விட்டுவிடுங்கள். கழற்றி எடுத்து வைத்தால் எது எதற்கு என்று தெரியாமல் போகும். செயின் தொய்வு, மையத் தூரம் 400 மில்லிமீட்டர் என்றால் 8 முதல் 16 மில்லிமீட்டர். இணைப்பு லிங்கின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் எங்காவது உரசிக் கழன்று தெறிக்கும்.

நீங்கள் கேட்ட கிளாம்ப், அதாவது கைப்பிடியை மடக்கிப் பூட்டும் டாகிள் கிளாம்ப் பற்றி. அதன் பிடி ரப்பர் நுனியின் அழுத்தத்தில் நிற்கிறது. அதிர்விலும் சூட்டிலும் ரப்பர் அமுங்கினால் பிடி பாதியாகிவிடும், வெளியே பார்த்தால் மூடியபடியே இருக்கும். செயின் இழுப்பை டவல் பின் தாங்கி, கிளாம்ப் தகடு எழும்பாமல் மட்டும் பிடிக்கிறது என்றால், சேஃப்டி லாக் உள்ள கொக்கி வகையைப் பயன்படுத்தலாம். இழுப்பையே கிளாம்ப் தாங்குகிறது என்றால் வேண்டாம். விங் நட்டும் அப்படித்தான், கை முறுக்கு இந்த வேலைக்குக் காணாது.

மின்சாரப் பக்கம். 16 ஆம்பியர், 4 பின், தூசியும் நீரும் புகாத ஐபி 67 சிவப்பு இண்டஸ்ட்ரியல் பிளக்கும் சாக்கெட்டும் போடுங்கள். ஸ்பேரிலும் அதே பிளக் கோத்தபடி இருக்க வேண்டும். எர்த் பின் முதலில் சேர்ந்து கடைசியில் பிரியும் என்பதால் கேபிளில் தற்காலிக முடிச்சுப் போடுவதைவிட இது பல மடங்கு பாதுகாப்பு. ஆனால் பிளக் சுவிட்ச் ஆகாது. மின் இணைப்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவர் பாக்கெட்டில் வைத்த பிறகே உருவ வேண்டும். மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ் வழியாக ஓடுகிறது என்றால், நிறுத்திய பின் டிரைவின் தகட்டில் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருங்கள்.

ஸ்பேரை ஷெல்ஃபில் வைக்கும் முன் டெர்மினல் பாக்ஸைத் திறந்து வைண்டிங் முனைகளை இணைக்கும் பித்தளை லிங்கைப் பாருங்கள். 415 வோல்ட்டில் 1 எச்.பி. மோட்டார் பெரும்பாலும் ஸ்டார் இணைப்பு (மூன்று வைண்டிங்கின் ஒரு முனை ஒன்றாகச் சேரும்). சிங்கிள் ஃபேஸ் டிரைவுக்காக யாரோ டெல்டாவாக (மூன்று வைண்டிங்கும் வளையமாகக் கோத்த இணைப்பு) மாற்றிய மோட்டார் ஸ்பேராக வந்து 415-ல் மாட்டப்பட்டால் சில நிமிடங்களில் வைண்டிங் கருகிவிடும். நேம் பிளேட்டோடு ஒத்துப் பார்த்து, சுற்றும் திசையை அந்த சாக்கெட்டிலேயே ஓட்டிப் பார்த்து, உடம்பில் அம்புக்குறி பெயிண்ட் அடியுங்கள். மாதம் ஒரு முறை ஷாஃப்டைக் கையால் சில சுற்றுச் சுற்றி வையுங்கள்.

உங்கள் கன்வேயர் ஏற்றமாகப் போகிறது என்பதால் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இப்போது நடுவில் நின்றால் சரக்கு பின்னால் வராமல் பிடித்திருப்பது பெரும்பாலும் அந்த வார்ம் கியர்தான். யூனிட்டை உருவிய கணமே டிரம்மைப் பிடிக்க ஆள் இல்லை. பாக்கெட்டோடு பெல்ட் பின்னோக்கி ஓடும், டிரம் பக்கத்தில் கை இருந்தால் இழுத்துக்கொள்ளும். பெல்ட்டைக் காலி செய்யுங்கள், முடியாவிட்டால் பெல்ட்டை ஃபிரேமோடு கிளாம்ப் போட்டுக் கட்டிய பிறகே டார்க் ஆர்ம் பின்னைத் தொட வேண்டும். யூனிட் 20 கிலோ சுமார் இருக்கும். கடைசி போல்ட்டு கழலும் முன்பே அது உட்கார, ஆர்முக்கும் மோட்டாருக்கும் இடையூறு இல்லாமல் 5 மில்லிமீட்டர் கீழே ஒரு தாங்கு தட்டு இருக்கட்டும். ஓடும்போது தொடாது, கழற்றும்போது தாங்கும்.

மோட்டார் சீக்கிரம் கழல்கிறதே என்று சுழலும் பாகங்களை மூடும் கார்டையும் கையால் கழற்றும்படி செய்துவிடாதீர்கள். சுழலும் பாகங்களுக்குத் தடுப்பு இருந்தே ஆக வேண்டும். ஸ்பேனர் இல்லாமல் திறக்காத கார்டு, அல்லது திறந்தால் மோட்டார் நிற்கும் லிமிட் சுவிட்ச், இரண்டில் ஒன்று வேண்டும்.

வருடத்தில் இரண்டு முறை மோட்டார் எரிகிறது என்றால் மாற்றும் வேகத்தைவிட எரியும் காரணம் அவசரம். அதிக கரண்ட் போனால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயின் குமிழைப் பாருங்கள். 1 எச்.பி.க்கு முழுச் சுமை கரண்ட் சுமார் 1.8 ஆம்பியர். நேம் பிளேட்டில் உள்ளதை வைத்து செட் செய்ய வேண்டும். அடிக்கடி டிரிப் ஆகிறதென்று 2.5-க்குத் திருப்பி வைத்திருந்தால் ரிலே இருந்தும் இல்லாததுபோல்தான். அடுத்து ஃபேன் கவர். மஞ்சள் தூள் அதன் வலையில் ஈரத்தோடு படிந்து அடைபோல் கெட்டிப்படும், காற்று போகாது. ஷிஃப்ட் முடியும்போது வாக்வம் வைத்து உறிஞ்சுங்கள். கம்ப்ரஸர் காற்றடித்தால் தூள் பேரிங் பக்கம் போய் உட்காரும்.