மழைநீர்த் தொட்டி: எவ்வளவு பெரியது, எங்கே வைப்பது?

கேள்வி: எங்கள் ஊரில் கிணற்று நீர் உப்புக் கரிக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் குடக்கணக்கில் நீர் வாங்குகிறோம். வீட்டில் நான்கு பேர். 800 சதுர அடி மொட்டைமாடியில் விழும் மழையைச் சேமிக்க விரும்புகிறோம். கொத்தனார், தரைக்குக் கீழே தொட்டி கட்டலாம் என்கிறார். கடைக்காரரோ 2,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியே போதும் என்கிறார். எதைச் செய்வது?
— வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: இருவர் சொல்வதும் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது என்றே கருதுகிறேன்.

முதலில் அளவைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். உங்கள் மாடி ஏறத்தாழ 74 சதுர மீட்டர். ஆவியாவதும் தளம் உறிஞ்சுவதும் போக, ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமார் 60 லிட்டர் சேரும். ஐப்பசி, கார்த்திகையில் மொத்தம் 300 மி.மீ. பெய்தாலே 18,000 லிட்டர். எனவே உங்களுக்கு மழை குறைவில்லை. அது நின்ற பிறகு வரும் நீண்ட வறண்ட மாதங்களுக்கு நீரை வைத்துக்கொள்ள இடம்தான் வேண்டும். ஆளுக்குப் பத்து லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 40 லிட்டர் செலவானால், 2,000 லிட்டர் ஐம்பதே நாளில் தீர்ந்துவிடும்; பொங்கலுக்கு நிரம்பியிருந்த தொட்டி மாசி முடிவதற்குள் வறண்டுவிடும். 10,000 லிட்டர் இருந்தால் 250 நாட்கள் ஓடும். அவ்வளவு பணம் இப்போது இல்லையென்றால் 5,000 லிட்டரில் தொடங்கி, அடுத்த ஆண்டு இன்னொன்றை இணைத்துக்கொள்ளுங்கள்.

தரையடித் தொட்டியை நான் பொதுவாகக் குறை சொல்வதில்லை. நீர் குளிர்ச்சியாக இருக்கும், முற்றத்தில் இடமும் மிஞ்சும். ஆனால் நிலத்தடி நீர் உப்பாக உள்ள ஊரில், சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு விட்டாலும், நீர்மட்டம் உயரும் மழைக்காலத்தில் உப்பு நீர் உள்ளே கசிந்து, சேர்த்த நீர் முழுவதையும் கெடுத்துவிடும். உப்பு கம்பியையும் அரிக்கும். ஆகவே தரைக்கு மேலே, வீட்டின் நிழல் விழும் பக்கமாக, 5,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டை வைப்பதே நல்லது. ஒன்றைக் கழுவும்போது மற்றொன்று கைகொடுக்கும். ஐ.எஸ். 12701 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, வெளிச்சம் ஊடுருவாத கருப்புத் தொட்டியாக வாங்குங்கள். ஒருமுறை, வெயிலில் வைத்திருந்த வெளிர்நிறத் தொட்டி ஒன்றின் மூடியைத் திறந்து பார்த்தேன். உட்சுவர் முழுவதும் பச்சைப் பாசி, விரல் வைத்தால் வழுக்கியது.

நிரம்பிய தொட்டி ஒவ்வொன்றும் ஐந்து டன் எடை. அடிப்பாகம் முழுவதும் படியும்படி சமதளமான கான்கிரீட் மேடை போடுங்கள்; குழாயடியில் குடம் வைக்கும் உயரம் அதற்கு இருக்கட்டும். குழாயை அடியிலிருந்து மூன்று அங்குலம் மேலே பொருத்தினால் வண்டல் கீழேயே தங்கிவிடும்.

இனி, பலரும் அலட்சியம் செய்யும் இடம்: முதல் மழைநீரை ஒதுக்குவது. அந்த நீர் தேநீர் நிறத்தில், வேப்பஞ்சருகும் காக்கை எச்சமுமாக வரும். பிளம்பர்கள் மூன்றடி நீளத்துக்கு ஒரு நான்கங்குலக் குழாயைத் தொங்கவிட்டு மூடி போட்டுவிடுகிறார்கள். அதில் ஏறத்தாழ எட்டு லிட்டர்தான் நிற்கும். உங்கள் மாடியில் விழும் முதல் ஒரு மில்லிமீட்டரை ஒதுக்கவே 70 லிட்டருக்கு மேல் கொள்ளளவு வேண்டும். ஆகவே 100 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, அது நிரம்பிய பின் மணலும் ஜல்லியும் நிரப்பிய வடிகட்டி வழியாக நீர் தொட்டிக்குச் செல்லும்படி அமையுங்கள். தொட்டி நிரம்பி வழிவதைக் கிணற்றுக்குள் விடுங்கள். உப்பு சற்றுத் தணியவும் வாய்ப்புண்டு.

கேள்வி: மாதக்கணக்கில் தேங்கிய மழைநீரில் புழு வைக்காதா?
— வாசகர், சிவகங்கை

பதில்: அப்படி நெளிபவை பெரும்பாலும் கொசுப் புழுக்களே. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டில் சேமித்து வைக்கும் நல்ல நீரில்தான் முட்டையிடும். மூடியை இறுக்கமாகப் போடுவதுடன், காற்றுக் குழாய்க்கும் நீர் வழியும் குழாய்க்கும் நெருக்கமான வலை கட்டுங்கள். வழியும் குழாயைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். புரட்டாசி முடிவதற்குள் மாடியைப் பெருக்கிக் கழுவித் தொட்டியையும் சுத்தம் செய்துவிடுங்கள். பறவை எச்சம் படும் மாடியிலிருந்து வரும் நீர் என்பதால், எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் குடிப்பதற்கு முன் கொதிக்க வைத்தே ஆகவேண்டும்.