வேலைக்கு ஒழுங்காகப் போகிறவருக்குக் குடிநோயா?

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. லேத் பட்டறையில் வேலை. தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர் குடிப்பார். ஆனால் ஒருநாளும் வேலைக்கு மட்டம் போட்டதில்லை. சபரிமலைக்கு மாலை போட்டால் 48 நாளும் தொடமாட்டார். தூக்கம் வரவில்லை என்று மனநல டாக்டரிடம் போனோம். கேள்வியாகக் கேட்டுவிட்டு, சீட்டில் 'ஆல்கஹால் யூஸ் டிஸ்ஆர்டர், மாடரேட்' என்று எழுதிவிட்டார். லிவர் டெஸ்ட் நார்மல்தான். "நான் என்ன குடிகாரனா?" என்று வீட்டில் ஒரே சத்தம். வெறும் கேள்வியை வைத்து எப்படி முடிவு கட்டலாம்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கேள்வியை வைத்துத்தான் முடிவு கட்ட முடியும், அம்மா. லிவர் டெஸ்ட் ஈரலின் நிலைமையைச் சொல்லும். குடி அவர் பிடியில் இருக்கிறதா, அவர் குடியின் பிடியில் இருக்கிறாரா என்பதைச் சொல்லாது.

உங்கள் டாக்டர் பின்பற்றியது, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேட்டின் முறை. அதில் 11 அறிகுறிகள். கடந்த 12 மாதங்களில் அவற்றில் இரண்டு, மூன்று இருந்தால் லேசானது. நான்கு, ஐந்து என்றால் மிதமானது, அதாவது மாடரேட். ஆறும் அதற்கு மேலும் தீவிரம். எத்தனை மில்லி என்பது இந்தக் கணக்கிலேயே வராது.

கட்டிங்கோடு எழுந்துவிடலாம் என்று உட்கார்ந்து குவார்ட்டரை முடிப்பது ஒன்று. முன்பு கட்டிங்கில் ஏறிய போதை இப்போது குவார்ட்டரில்தான் ஏறுகிறது என்பது ஒன்று. சாயங்காலம் ஆனாலே மனசு கடைப் பக்கம் இழுப்பது இன்னொன்று. குடிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று தெரிந்தும் தொடர்வதும் சேர்த்தி. (குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், நடுராத்திரிக்கு மேல் கலைந்துவிடும்.) எண்ணிப் பாருங்கள், இதிலேயே நான்கு ஆகிவிட்டது. வேலையைக் கோட்டைவிடுவதும் பட்டியலில் உண்டுதான். ஆனால் 11-ல் அது ஒன்றே ஒன்று. அவர் ஒழுங்காக வேலைக்குப் போவதால் அந்த ஒன்று மட்டும்தான் கழியும்.

மாலைக் கணக்கை நிறைய பேர் சொல்வார்கள். 48 நாள் விரதம் நல்ல விஷயம், நிறுத்த முடியும் என்பதற்கு அத்தாட்சியும்கூட. ஆனால் டாக்டர் பார்ப்பது முழு வருஷத்தை. மாலையைக் கழற்றிய வாரத்தில் என்ன நடந்தது என்பதும் அதில் அடக்கம்.

வேறு ஆஸ்பத்திரியில் 'ஆல்கஹால் டிபெண்டன்ஸ் சிண்ட்ரோம்' என்று எழுதினால் பயந்துவிடாதீர்கள். குடியைச் சார்ந்தே இருக்கும் நிலை என்று அர்த்தம். அது உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. என்ற நோய் வகைப்பாட்டில் வரும் பெயர். அதன் பத்தாவது பதிப்பில் ஆறு அறிகுறிகளில் மூன்று இருந்தால் அந்தப் பெயர் வரும்.

சீட்டில் எழுதியது ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும் முத்திரையும் அல்ல. மூன்று மாதம் எந்த அறிகுறியும் இல்லாவிட்டால் 'ஆரம்பநிலைத் தணிவு' என்று எழுதுவோம். ஆசை மட்டும் எட்டிப் பார்த்தால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒன்றை மட்டும் நீங்களே கவனியுங்கள். காலையில் டீ டம்ளரைப் பிடிக்கும்போது கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா? அப்படியென்றால் கோபத்திலோ சத்தியம் வாங்கியோ திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் ஆள் தெரியாத குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில், மாத்திரையும் பி1 வைட்டமினும் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். தூக்க மாத்திரை எழுதியிருந்தால், குடித்த ராத்திரியில் அதைக் கொடுக்கவே கூடாது. அவர் டாக்டரிடம் மறுபடி வர மறுத்தால், 14416-க்கு நீங்கள் மட்டும் பேசலாம். அரசின் டெலி மானஸ் சேவை, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.