ஸ்ப்ரே அடித்ததும் எறும்பு கூடியது ஏன்?
சுவிட்ச் போர்டு எறும்புக்கு ஸ்ப்ரே அடித்தபின் குளியலறை வரை பரவிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மில்லிமீட்டர் நீளம், வெளிர் மஞ்சள் உடல், வயிற்று நுனி மட்டும் கறுப்பு என்றால் ஃபாரோ எறும்பாகத்தான் இருக்கும். ஒரே கூட்டில் பல ராணிகள். ஸ்ப்ரே மாதிரி ஆபத்து வந்தால் வேலைக்கார எறும்புகள் முட்டை, புழுக்களைத் தூக்கிக்கொண்டு வேறு சுவருக்குக் குடிபோய்விடும். ராணி கூட வராவிட்டாலும் அந்தப் புழுக்களிலிருந்தே புது ராணியை வளர்த்துக்கொள்ளும், பொல்லாத ஜென்மம்!

ஸ்ப்ரேயை நிறுத்துங்கள். 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் ஆசிட் கலந்து, பஞ்சில் நனைத்து எறும்புச் சாரையின் ஓரம் வையுங்கள். மருந்து கூடினால் வேலைக்கார எறும்பு வழியிலேயே செத்துவிடும், ராணிக்குப் போய்ச் சேராது. மொய்க்கிறதே என்று துடைக்காதீர்கள். சில வாரம் ஆகும். அப்புறம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.