இரண்டரை லட்சம் கட்டி எலக்ட்ரீசியன் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 27, திருமங்கலம் பக்கம். புதூர் ஐடிஐயில் எலக்ட்ரீசியன் முடித்தேன். நான்கு வருடம் ஒரு கான்ட்ராக்டரிடம் வீட்டு ஒயரிங், இப்போது மூன்று வருடமாகக் கப்பலூரில் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ். இரண்டரை லட்சம் கட்டினால் துபாயில் வேலை, முதலில் விசிட் விசாவில் போய்விடலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். சித்தப்பா மகனோ ஆஸ்திரேலியாவுக்குப் போ என்கிறான். எதற்குப் போவது?

பதில்: தம்பி, ஏஜென்ட் கதையை முதலில் முடித்துவிடுவோம். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கலாம் என்று அரசு வைத்திருக்கும் உச்சவரம்பே 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான், அதுவும் ரசீதோடு. இவர் கேட்பது இரண்டரை லட்சம். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது, அதில் இவர் இல்லையென்றால் பேச்சே வேண்டாம். இருந்தாலும் விசிட் விசா என்று சொன்ன வாயோடு இனி பேசாதீர்கள். அந்த விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம், கம்பத்திலிருந்து விழுந்தால்கூட உங்களை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடுவார்கள். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978லிருந்து இருக்கிறது, அதில் பதிந்து வையுங்கள்.

வளைகுடா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பதினோரு வருடம் அங்கே சாப்பிட்டவன் நான். வீட்டில் கடன் நிற்கிறது, உடனே பணம் வேண்டும் என்றால் அதுதான் வழி. ஐடிஐ சான்றிதழைப் பார்ப்பார்கள், ஒரு டிரேட் டெஸ்ட் வைப்பார்கள், மோட்டாரை ஓடவைக்கிற ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை வரைந்து கனெக்‌ஷன் கொடு என்பார்கள், கப்பலூரில் மோட்டாரோடு கிடக்கிற உங்களுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. ஒப்பந்தத்தில் மட்டும் மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மயங்காதீர்கள், பேசிக், அதாவது அலவன்ஸ் சேராத அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். அமீரகத்தில் வேலையை முடித்துக் கிளம்பும்போது கொடுக்கிற கிராஜுவிட்டியை பேசிக்கை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள், முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக் சம்பளம். பேசிக்கைக் குறைத்து அலவன்ஸை ஏற்றிக் காட்டுகிற கம்பெனிகள் நிறைய.

ஆஸ்திரேலியா கதை வேறு. அங்கே நீங்கள் இறங்கின அன்றைக்கே எலக்ட்ரீசியன் ஆகிவிட முடியாது. டிஆர்ஏ என்று ஓர் அமைப்பு உங்கள் தொழில் திறனை மதிப்பிட ஏற்பாடு செய்யும், முதலில் ஆவணம், அப்புறம் நேர்காணல், செய்முறை. அதில் தேறினால் ஒரு சான்று கிடைக்கும், அதை வைத்துக்கொண்டு தற்காலிக லைசென்ஸ் வாங்கி லைசென்ஸ் உள்ளவரின் மேற்பார்வையில் வேலை பார்த்தபடியே அவர்கள் ஊர் ஒயரிங் விதிகளைப் படித்து முடிக்க வேண்டும். லைசென்ஸும் மாநிலத்துக்கு மாநிலம் தனி. இங்கிலீஷ் தேர்வும் உண்டு. சித்தப்பா மகன் இதையெல்லாம் சொன்னானா என்று தெரியவில்லை.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கோபம் வரும், எனக்கும் வந்தது, ஒரு ஐரோப்பியக் கம்பெனி சைட்டில் முதல் வாரம் வேலை பார்க்கிற வரைக்கும். நம் ஊரில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், அதாவது மின்சாரம் வருகிற ஒயர், கறுப்பு நியூட்ரல், அது திரும்புகிற ஒயர். அங்கே பழுப்பு, கறுப்பு, சாம்பல்தான் ஃபேஸ், நீலம் நியூட்ரல். மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற ஒரு டிபி பெட்டியில் பழக்க தோஷத்தில் நீலத்தை ஃபேஸ் போக வேண்டிய எம்சிபி சுவிட்சில் முடுக்கிவிட்டு, கறுப்பை நியூட்ரல் பாரில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். சப்ளை கொடுக்கும் முன்னால் சோதித்த ஃபோர்மேன் என்னைத் திட்டக்கூட இல்லை, ஸ்க்ரூடிரைவரைக் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டார். அன்றைக்கு முழுக்கக் கேபிள் டிரம் உருட்டினேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். உங்களிடம் நான் பார்க்கிற ஓட்டை அந்தக் கான்ட்ராக்டரிடம் இருந்த நான்கு வருடம்தான். கையில் காசாக வாங்கியிருப்பீர்கள், சம்பளச் சீட்டும் இருக்காது, பேங்கிலும் ஏறியிருக்காது. அங்கே உட்கார்ந்து உங்கள் ஆவணங்களைப் பார்க்கிறவருக்கு அந்த நான்கு வருடம் நடக்கவே இல்லை. கப்பலூர் கம்பெனியில் மூன்று வருடச் சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், பிஎஃப் கணக்கு எல்லாவற்றையும் இப்போதே எடுத்துவிடுங்கள், வேலையை விட்ட பிறகு ஹெச்ஆர் உங்கள் போனை எடுக்கமாட்டார். அனுபவச் சான்றிதழில் "எலக்ட்ரீசியனாகப் பணிபுரிந்தார், நன்னடத்தை" என்று ஒரு வரி இருந்தால் பிரயோஜனம் இல்லை, பேனல் போட்டது, மோட்டார் மாற்றியது, கேபிள் டெர்மினேஷன், எர்த்திங் என்று என்ன என்ன செய்தீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும். வேலை செய்யும்போது போட்டோவும் வீடியோவும் எடுங்கள், முகமும் கையும் தெரிகிற மாதிரி, கம்பெனியில் அனுமதி கேட்டுவிட்டு. சென்னை கிண்டியில் உள்ள மின் உரிம வாரியத்தின் ஒயர்மேன் சான்றிதழ் இல்லையென்றால் அதற்கும் விண்ணப்பம் போடுங்கள், வெளிநாட்டில் அது லைசென்ஸ் ஆகாது, ஆனால் ஃபைலில் கனமாக நிற்கும்.

என்னைக் கேட்டால், கடன் இல்லை என்றால் ஒரு வருடம் கப்பலூரிலேயே இருந்து ஃபைலையும் இங்கிலீஷையும் தயார் செய்துகொண்டு ஆஸ்திரேலியாவுக்கு முயற்சி செய்யுங்கள். கடன் இருந்தால் முறையாக வளைகுடா போங்கள், அங்கே வருகிற சம்பளச் சீட்டையும் ஒன்று விடாமல் சேர்த்து வையுங்கள், அதுவும் அனுபவம்தான்.

அந்தக் கான்ட்ராக்டர் இப்போதும் ஊரில்தானே இருக்கிறார்? இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் சைட்டுக்குக் கிளம்பும் முன்னால் போய், அந்த நான்கு வருடத்துக்கு ஓர் அனுபவக் கடிதம் கேளுங்கள். எந்த வருடம், எந்த வீடு, என்ன வேலை என்று நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், அவர் லெட்டர்பேடை எடுக்க வேண்டியதுதான் பாக்கி.