உப்புமாவில் கடுகு போல

டாக்டரிடம் கேளுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. எட்டு வயதில் டைப் 1 சர்க்கரை வந்தது. இன்சுலின் ஒரு வேளை தவறியதில்லை. ஆனால் ஆறு மாதமாக எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டுவதில்லை. மலம் வெளுத்து எண்ணெயாக மிதக்கிறது. இரண்டு முறை ஃபிளஷ் செய்தாலும் போவதில்லை. ஒரு இடத்தில், 'சர்க்கரை கட்டுக்குள் வந்தால் சரியாகிவிடும்' என்றார்கள். இன்னொரு டாக்டர் மலத்தில் எலாஸ்டேஸ் பார்க்கச் சொன்னார்; 140 என்று வந்திருக்கிறது. கெட்டுப்போனது இன்சுலின் சுரக்கும் பகுதிதானே? ஜீரணத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
- ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: அம்மா, கணையத்தை ஒரு ரவா உப்புமாவாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இன்சுலின் சுரக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் அதில் கிடக்கும் கடுகு மாதிரி. மொத்தக் கணையத்தில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான். மீதி ரவை முழுவதும் ஜீரண நீர் சுரக்கும் பகுதி. கொழுப்பை உடைக்கும் லைபேஸ், புரதத்தை உடைக்கும் டிரிப்சின் எல்லாம் அங்கிருந்துதான் குடலுக்கு வருகின்றன.

இந்த இரண்டையும் வேறு வேறு என்றே நாங்களும் படித்தோம். 1921-இல் கனடாவின் டொரன்டோவில் பான்டிங் என்ற டாக்டர் இன்சுலினைத் தேடியபோதுகூட, நாயின் கணையக் குழாயைக் கட்டிப்போட்டு, ஜீரணப் பகுதியைச் சுருங்கவைத்துவிட்டால் திட்டுகள் மட்டும் மிஞ்சும் என்பதுதான் யோசனை. ரவையை ஒதுக்கிவிட்டுக் கடுகைப் பொறுக்கும் வேலை. அந்தப் பழக்கம் எங்களை விட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஆனால் ஸ்கேனில் பார்த்தால், டைப் 1 உள்ளவர்களின் கணையம் மொத்தமாகவே சிறுத்திருக்கிறது. நோய் தெரியவந்த புதிதிலேயே அப்படித்தான். ஒரு காரணம் ரத்த ஓட்டம். திட்டுகளிலிருந்து வெளியேறும் ரத்தம் பக்கத்து ஜீரணச் செல்களை நனைத்துக்கொண்டுதான் போகிறது. அந்த ரத்தத்தில் இன்சுலின் கெட்டியாக இருக்கும். அதுதான் அந்தச் செல்களுக்கு ஊட்டம். நீங்கள் தொடையில் போடும் ஊசி உடம்பு முழுக்கப் பரவி நீர்த்துத்தான் அங்கே போய்ச் சேரும். அது மட்டுமே காரணமும் இல்லை. சர்க்கரை இன்னும் வராத, ஆனால் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடி) தென்படும், டைப் 1 உள்ளவர்களின் உறவினர்களுக்கும் கணையம் சிறிதாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம். எலாஸ்டேஸ் என்பது கணையம் சுரக்கும் ஒரு ஜீரண என்சைம்; மலத்தில் அது குறைந்தால் ஜீரணப் பகுதி சரியாகச் சுரக்கவில்லையோ என்று சந்தேகிப்போம். அது 200-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. டைப் 1 உள்ளவர்களில் கணிசமான பேருக்கு அதற்குக் கீழே வரும். பலருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. எனக்கு இடிப்பது வேறு. எண்ணெய் மிதக்கும் அளவுக்குக் கணையம் கைவிட்டிருந்தால் வழக்கமாக 100-க்கும் கீழே போயிருக்க வேண்டும். 140 அதற்குப் போதாது. மலம் தண்ணீராக இருந்த நாளில் சாம்பிள் கொடுத்திருந்தால் அளவு பொய்யாகவே குறைந்து காட்டும். கெட்டியாகப் போகும் நாளில் இன்னொரு முறை கொடுங்கள். வயிற்று ஸ்கேனில் கணையத்தில் கல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

முக்கியமாக சீலியாக் நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கோதுமையிலுள்ள குளூட்டன் குடலைப் புண்ணாக்கும் நோய் அது. டைப் 1 உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம். அதுவே எலாஸ்டேஸையும் இறக்கிவிடும்.

கணையம்தான் காரணம் என்று முடிவானால் என்சைம் கேப்சூல் தருவார்கள். முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது. சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டுப் போட்டால் பாதி வீண். பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது. சைவக் குடும்பம் என்றால் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். அப்புறம், சாப்பாடு ஒழுங்காகச் செரிக்கத் தொடங்கியதும் சர்க்கரை ஏறலாம். முதல் சில வாரம் அடிக்கடி விரலில் குத்திப் பாருங்கள்; இன்சுலின் அளவை டாக்டர் மாற்றுவார்.

இதைப் படித்ததும் சப்பாத்தியையும் பாவ் ரொட்டியையும் நிறுத்திவிடாதீர்கள். கோதுமை சாப்பிடாமல் எடுத்தால் சீலியாக் பரிசோதனை ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும். ரத்தம் கொடுக்கும் நாள்வரை அவன் வடாபாவ் சாப்பிடட்டும்.