மருத்துவர் பதில்: காரம் மூக்கில் ஏறும், நெஞ்சில் தங்காது

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் ஹார்ஸ்ராடிஷ் என்று ஒரு வேர் வாங்கி வந்தான். ஜெர்மனியில் இரண்டு வருஷம் இருந்தபோது சாப்பிட்டுப் பழகியதாம். துருவித் தயிரில் கலந்து, களிக்கும் நாட்டுக்கோழிக் குழம்புக்கும் தொட்டுக்கொண்டோம். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அன்று ராத்திரி என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு அடைத்தாற்போல ஆகி, பனியன் நனையும் அளவுக்கு வேர்த்துவிட்டது. இடது தோளும் தாடையும் கனக்கிறது என்றார். அவருக்கு வயது 58, ஒன்பது வருஷமாகச் சர்க்கரை, பிரஷரும் உண்டு. கேஸ் மாத்திரையும் எலுமிச்சை சோடாவும் கொடுத்தேன், அரை மணியில் சரியாகிவிட்டது. மூன்றாம் நாள் தோட்டத்திலிருந்து மேடேறி வரும்போது மறுபடி அதே மாதிரி. வரப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்ததும் விட்டுவிட்டது. அன்றைக்கு அவர் அந்த வேரைத் தொடவே இல்லை. முதல் நாள் காரம் உடம்பில் தங்கியிருக்குமோ? இந்த வேர் ஹார்ட் அட்டாக் வரவைக்கும் என்று ஒரு வீடியோ பார்த்தேன். எனக்குத் தைராய்டு உண்டு, அதையும் கெடுக்குமாமே? வயிற்றுப்புண் வருமா? கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டுகிறதே, மூளை நரம்புக்கு ஆபத்தா? வேர் தீர்ந்துவிட்டால் அதற்குப் பதில் முருங்கை வேரைச் சீவிக்கொள்ளலாமா?
– தேன்கனிக்கோட்டை வாசகி

பதில்: உங்கள் வீட்டுக்காரரை இப்போதே இ.சி.ஜி. எடுக்கக் கூட்டிப் போங்கள் அம்மா. மற்றதையெல்லாம் வந்து படித்துக்கொள்ளலாம். கடிதத்தில் இருந்த எண்ணுக்கு நேற்றே பேசிச் சொல்லிவிட்டேன். இங்கே மறுபடியும் எழுதுவது, இதே மாதிரி ஒரு ராத்திரியை ‘கேஸ்’ என்று சொல்லிக் கடந்துவிட்ட மற்ற வீடுகளுக்காகவும்தான்.

நீங்கள் அனுப்பியது இரண்டு பக்கக் கடிதம். முக்கால்வாசி அந்த வேரைப் பற்றித்தான். என் கண் நின்றது ஒரே வரியில்: ‘அன்றைக்கு அவர் அந்த வேரைத் தொடவே இல்லை.’ உங்களுக்கே உள்ளுக்குள் சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் அந்த வரியை எழுதியிருக்கிறீர்கள். பயமாக இருந்ததால் பழியை வேரின் மேல் போட்டுவிட்டீர்கள்.

மேடேறும்போது வருகிறது, உட்கார்ந்தால் விடுகிறது. இதை வைத்தே நாங்கள் இதயத்தைச் சந்தேகிப்போம். நடக்கும்போது இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் குறுகியிருந்தால் அந்தக் கூடுதல் கிடைக்காது, நெஞ்சை அழுத்தும். ஓய்வெடுத்தால் தேவை குறையும், அழுத்தமும் விடும். முதல் நாள் ராத்திரி வந்தது இதைவிடக் கவலை தருவது. அன்று அவர் நடக்கவில்லை, சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தார். அரை மணி நேரம் இருந்திருக்கிறது, வேர்த்திருக்கிறது, தோளுக்கும் தாடைக்கும் போயிருக்கிறது. அது சின்ன மாரடைப்பாகவே இருந்திருக்கலாம். பெரியது வரப்போவதற்கு முன்னோட்டமாகவும் இருந்திருக்கலாம். எதுவென்று டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும். தானாகச் சரியாகிவிட்டது என்பதை வைத்து நிம்மதியாக இருக்கவே கூடாது.

சர்க்கரை உள்ளவர்கள் பெரும்பாலும் ‘வலி’ என்று சொல்லவே மாட்டார்கள். வருஷக்கணக்கில் சர்க்கரை இருந்தால் நரம்புகள் மரத்துப்போகும். ‘அடைக்குது’, ‘கனமா இருக்கு’, ‘ஒரு மாதிரி வருது’ என்பார்கள். சிலருக்கு மூச்சு வாங்குவது மட்டும்தான் தெரியும், சிலருக்கு வேர்வை மட்டும். சில வருஷங்களுக்கு முன் பாலக்கோடு பக்கமிருந்து ஒரு விவசாயியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இ.சி.ஜி. எடுக்கச் சட்டையைக் கழற்றியபோது பையிலிருந்து கேஸ் மாத்திரை அட்டை கீழே விழுந்தது. பத்தில் எட்டு காலி. மூன்று நாளாகப் போட்டிருக்கிறார். அந்த மூன்று நாளில் இதயத் தசை எவ்வளவு செத்துப்போயிருந்தது என்பது எக்கோ என்ற இதய ஸ்கேனில் தெரிந்தது. இன்றைக்கும் ஒரு மூட்டை தூக்க அவரால் முடியாது. அன்றிலிருந்து, நாற்பது வயது தாண்டிய ஒருவர் வேர்வையோடு நெஞ்சடைப்பு என்று சொல்லி, வீட்டில் கேஸ் மாத்திரை கொடுத்தோம் என்றால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. கேஸா இல்லையா என்பதை வீட்டில் முடிவு செய்யாதீர்கள்.

அவர் பைக் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், பஸ்ஸுக்கு நடக்கவும் வேண்டாம். தேன்கனிக்கோட்டை அரசு மருத்துவமனைக்கோ ஓசூருக்கோ வண்டி வைத்துக் கூட்டிப் போங்கள். இரண்டு தடவை வந்ததையும், இரண்டாவது தடவை நடக்கும்போது வந்ததையும் விடாமல் சொல்லுங்கள். முதல் இ.சி.ஜி. நார்மலாக இருக்கலாம். அதை மட்டும் நம்பித் திரும்பிவிடாதீர்கள். ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள், தேவைப்பட்டால் சில மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். எக்கோவும் பார்க்கச் சொல்வார்கள். எல்லாம் முடியும் வரை அங்கேயே இருங்கள். கிளம்பும் முன்போ வழியிலோ மறுபடி அடைப்பு வந்தால் நேரே 108. அருகில் ஆரம்ப சுகாதார நிலையமோ துணை சுகாதார நிலையமோ இருந்தால் அங்கே நிறுத்துங்கள். 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்புக்கு முதலில் கொடுக்க வேண்டிய ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை அங்கேயே கொடுத்து மேலே அனுப்புகிறார்கள்.

இனி அந்த வேர். அதன் காரம் உடம்பில் தங்காது. தங்கவே முடியாது. வாங்கி வந்த வேரை முழுசாக மோந்து பார்த்திருப்பீர்கள், வாசனையே இருந்திருக்காது. துருவியதும்தான் மூக்கைத் தூக்கியிருக்கும். வேருக்குள் சினிக்ரின் என்ற பொருள் ஒரு பக்கம், அதை உடைக்கும் என்சைம் இன்னொரு பக்கம், தனித்தனியாக இருக்கும். துருவும்போது இரண்டும் கலந்து அந்தக் காரம் உருவாகிறது. கடுகிலும் இதே கதைதான். காய்ந்த கடுகு சும்மா கிடக்கும், தண்ணீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறும். ஓசூர் பக்கத்தில் ஆவக்காய் போடும் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரியும். ஹார்ஸ்ராடிஷும் கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் குடும்பம்தான். தமிழில் குதிரை முள்ளங்கி என்று எழுதுகிறார்கள். மிளகாய்க் காரம் நாக்கில் ஒட்டிக்கொண்டு எரியும். இது ஆவியாகி மூக்குக்கும் கண்ணுக்கும் ஏறி, கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். மூன்று நாள் கழித்துத் தோட்டத்து மேட்டில் வந்து நெஞ்சைப் பிடிக்காது. நெஞ்செரிச்சல் வரலாம், புளித்த ஏப்பம் வரலாம். ஆனால் பனியன் நனைய வேர்க்கவைத்துத் தாடைக்குப் போவது வேரின் வேலை இல்லை.

நீங்கள் பார்த்த வீடியோவுக்குப் பின்னால் உண்மையில் ஒரு சம்பவம் இருக்கிறது. 2019-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. இஸ்ரேலில் ஒரு கல்யாண விருந்தில், 60 வயது அம்மா ஒருவர் வசாபியை அவகாடோ என்று நினைத்து நிறையச் சாப்பிட்டுவிட்டார். வசாபி ஜப்பானியர்களின் பச்சைத் துவையல், இந்த வேருக்கு உறவு. கடைகளில் வசாபி என்று விற்பதில் பெரும்பாலானது ஹார்ஸ்ராடிஷில் பச்சை நிறம் போட்டதுதான். சில நிமிஷத்தில் அவருக்கு நெஞ்சு அழுத்தியது. திடீர் அதிர்ச்சியில் இதயம் தற்காலிகமாகத் தளர்ந்துபோகும் ஒரு நிலை. மருந்து கொடுத்தார்கள், ஒரு மாதத்தில் இதயம் பழையபடி வேலை செய்தது. அபூர்வமானது என்பதால்தான் இதழில் போட்டார்கள். நீங்கள் தொட்டுக்கொண்ட ஒரு ஸ்பூனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்த வீடியோக்காரர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த அம்மா அழுத்தம் குறைந்துவிட்டது என்று விருந்திலேயே இருந்துவிட்டு, மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். உங்கள் வீட்டில் மூன்று நாளைக்கும் மேல் போய்விட்டது.

தைராய்டு: ஒரு ஸ்பூன் தொட்டுக்கொள்வதால் ஒன்றும் ஆகாது. கிலோக்கணக்கில் தின்றால் பேசுவோம். அயோடின் உப்பு போட்டுச் சமையுங்கள், மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் விடாமல் போடுங்கள். வயிற்றுப்புண்: ஏற்கெனவே புண் இருந்தால் எரியும், அப்போது வேண்டாம். புதிதாகப் புண்ணை உண்டாக்காது. மூளை நரம்பு: வெங்காயம் நறுக்கினால் கண்ணில் தண்ணீர் வருகிறதே, அதைப் போலத்தான். யூடியூபை மூடி வையுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் லேப்பில் சர்க்கரை பார்க்கிறாரே, அந்த டெஸ்டில் நிறம் வரவைக்கும் பெராக்ஸிடேஸ் என்ற என்சைமைப் பெரும்பாலும் இந்த வேரிலிருந்துதான் எடுக்கிறார்கள். எங்கள் தொழிலுக்கு அது வேண்டிய வேர்.

முருங்கை வேர் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். வெள்ளைக்காரன் இந்தியாவில் இருந்தபோது ஊர் ஹார்ஸ்ராடிஷ் கிடைக்காமல், அதே மாதிரி காரமாக இருக்கிறதென்று முருங்கை வேரைத் துருவித் தின்றான். அதிலிருந்துதான் முருங்கைக்கு ‘ஹார்ஸ்ராடிஷ் ட்ரீ’ என்ற பெயர். பெயர் ஒன்றானதால் வேர் ஒன்றாகிவிடாது. முருங்கையின் வேர்ப்பட்டையில் நச்சுத்தன்மை உள்ள ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. கரு கலைக்க நாட்டுப்புறத்தில் எதைக் கொடுத்தார்கள் என்று உங்கள் பாட்டி தலைமுறையில் கேட்டால் இதையும் சொல்வார்கள். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் அந்தப் பேச்சே கூடாது. கீரை, பூ, காய் மூன்றும் தாராளமாகச் சாப்பிடுங்கள். வேரை மண்ணிலேயே விடுங்கள்.

குதிரை முள்ளங்கியை நீங்கள் ரசித்துச் சாப்பிட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். சர்க்கரைக்காரர் வீட்டில் எண்ணெயும் இனிப்பும் இல்லாமல் ருசி சேர்க்க நல்ல வழி. இரண்டு பக்குவம் சொல்கிறேன். மேல்தோலைச் சீவினால் உள்ளே மரவள்ளிக்கிழங்கு மாதிரி வெளுப்பாக இருக்கும். ஜன்னலைத் திறந்துவைத்துத் துருவுங்கள். மிக்ஸியில் அரைத்தால் மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், அதில் ஏறுவதுதான் கடுமையான காரம். துருவிய உடனே வினிகரோ எலுமிச்சையோ விட்டால் என்சைம் அங்கேயே நின்றுவிடும், காரம் மிதமாக இருக்கும். மூன்று நிமிஷம் விட்டுப் பிறகு விட்டால் நன்றாக ஏறியிருக்கும். தயிரும் புளிப்புதான், அதனால் கணக்கு அதற்கும் இதுவே. கொதிக்கிற குழம்பில் போட்டுவிட்டால் காரமெல்லாம் ஆவியாகிப் போய் வெறும் சக்கைதான் மிஞ்சும். அடுப்பை அணைத்த பிறகு, இல்லாவிட்டால் தட்டில். ஆஸ்திரியாவில் ஆப்பிளைத் துருவி இதோடு சேர்த்து மாட்டிறைச்சிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். நம் மாவட்டத்துக்குப் பெங்களூரா மாங்காய் இருக்கிறதே, அதைத் துருவிச் சேர்த்து மீன் வறுவலோடு வைத்துப் பாருங்கள். வேகவைத்த பீட்ரூட்டுக்கும் பிரமாதமாகச் சேரும். பாட்டிலில் வருவதை வாங்கினால் உப்பு எவ்வளவு என்று பாருங்கள், பிரஷர்காரர் வீடு. மீதி வேரை ஈரத்துணியில் சுற்றி பிரிட்ஜில் வைத்தால் சில வாரம் கெடாது.

உங்கள் வீட்டுக்காரர் இன்னொரு தடவை அதைத் தொட்டுக்கொள்வது எப்போது என்பதை இதய டாக்டர் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். அதுவரை ராத்திரிச் சாப்பாட்டை வயிறு முட்ட வேண்டாம், தோட்டத்து மேடும் வேண்டாம். பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். இ.சி.ஜி. தாளையும் ட்ரோபோனின் ரிசல்ட்டையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். அவர் இப்போது போடும் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை அட்டைகளின் படமும் வேண்டும், பெயர் தெரிகிற மாதிரி எடுங்கள்.