அந்தப் பல் முளைக்கிறதுக்குள்ள

கேள்வி: "போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து"ன்னு சொல்றதெல்லாம் வசதியா செட்டில் ஆனவங்க தான். உங்க பத்திரிகையும் அதையே எழுதுது. நான் ஒண்ணுமில்லாம இருந்து மேல வந்தவன். வீடு, கார் எல்லாம் வாங்கியாச்சு, ஆனா மனசு நிறையல. இன்னும் கொஞ்சம் சம்பாதிச்சா சரியாயிடுமா? இல்ல நீங்க சொல்ற எளிமையான சந்தோஷம்னு நிஜமாவே ஒண்ணு இருக்கா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: உங்க கோபத்துல பாதி நியாயம் சார். வாடகை கட்ட வழியில்லாம முழிச்சிட்டு இருக்கறவர்கிட்ட போய் நிலாவைப் பாருங்க, மனசு நிறையும்னு சொல்றது பாவம். பணம் இல்லாத வலிக்கு மருந்து பணம் தான், அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. ஆனா நீங்க எழுதினது அந்த வலி இல்லையே.

நாலு பக்க லெட்டர். மூணரை பக்கம் என்னென்ன வாங்கினீங்க, எத்தனை லோன் அடைச்சீங்கன்னு. கடைசி பக்கத்துல ஒரே ஒரு வரி, அதுவும் போற போக்குல, "பொண்ணுக்கு முன்பல் விழுந்ததே எனக்கு வாட்ஸ்அப் போட்டோல தான் தெரியும்"னு. உங்க கேள்வியே அந்த வரி தான்னு எனக்குப் படுது, மத்ததெல்லாம் அதைச் சுத்தி எழுதினது.

முதல்ல நேரா கேட்டதுக்கு நேரா சொல்லிடறேன். பணம் கூடக்கூட சந்தோஷம் கூடுமா, ஒரு அளவுக்கு மேல நின்னுடுமான்னு உளவியல் அறிஞர் டேனியல் கானமன் 2010-ல நின்னுடும்னு சொன்னார், மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்ங்கற ஆய்வாளர் 2021-ல நேர்மாறா, கூடிட்டே போகும்னு சொன்னார், அப்புறம் சண்டை போடாம ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து அதே கணக்கைத் திரும்ப பாத்து 2023-ல வெளியிட்டாங்க. பெரும்பாலானவங்களுக்கு கூடிட்டே தான் போகுது. ஆனா ஏற்கனவே மனசு வாடி இருக்கற சுமார் 20 சதவீதம் பேருக்கு மட்டும் ஒரு கட்டத்துக்கு மேல வருமானம் ஏறினாலும் அந்த வாட்டம் குறையல. நீங்க எந்தப் பக்கம்னு நான் சொல்லத் தேவையில்ல.

இன்னொண்ணு, 1978-ல அமெரிக்காவுல வந்த பழைய ஆய்வு. லாட்டரியில பெரிய தொகை அடிச்ச 22 பேரையும், அதே ஏரியால அடிக்காத 22 பேரையும் கேட்டாங்க. ஃப்ரெண்டோட பேசறது, ஜோக் கேக்கறது, பத்திரிகை படிக்கறதுன்னு சாதாரண விஷயங்கள் எவ்வளவு சந்தோஷம் தருதுன்னு. ஜெயிச்சவங்களுக்கு அதுல எல்லாம் ருசி கம்மியா இருந்துச்சு! சின்ன ஆய்வு தான், பின்னாடி ஸ்வீடன்ல நிறைய பேரை வெச்சு பாத்தப்போ லாட்டரி அடிச்சவங்களுக்கு வாழ்க்கை மேல திருப்தி வருஷக்கணக்கா நீடிச்சதுன்னு வந்தது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் அந்த முதல் ஆய்வு என் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது, ஏன்னா பணம் வந்ததால அவங்ககிட்ட இருந்து எதுவும் களவு போகல, ஃப்ரெண்டு அங்கயே தான் இருக்கார், ஜோக்கும் அதே ஜோக் தான், அதை அனுபவிக்கற சக்தி தான் மங்கிப் போச்சு.

அந்த சக்தி போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஒரு காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு நாலு மாசம் வாசனையே தெரியல. பிரஸ்ல இருந்து முதல் கட்டு வந்ததும் ஒரு இதழை எடுத்து நடுவுல விரிச்சு மூக்குகிட்ட கொண்டு போறது என் பல வருஷப் பழக்கம். அந்த நாலு மாசமும் விரிச்சேன், வெறும் பேப்பர். சம்பளம் குறையல, வீட்டுல எதுவும் மாறல, ஆனா ஏதோ ஏழையாயிட்ட மாதிரியே இருந்துச்சு. அப்புறம் ஒருநாள் விரிச்சா லேசா, ரொம்ப லேசா மை வாசனை, ஈரம் முழுசா காயாத மை, நான் அந்தக் கட்டு மேலயே உக்காந்து அழுதுட்டேன், ஆபீஸ்ல எல்லாரும் பயந்துட்டாங்க.

சரி, உங்க பொண்ணுக்கு வருவோம். முன்பல் விழுந்த குழந்தை பேசி பக்கத்துல இருந்து கேட்டிருக்கீங்களா? "ஸ்கூல் பஸ்"ஸுன்னு சொல்லும்போது அந்த "ஸ"ல காத்து ஓடும், நாக்கு ஓட்டையில வந்து எட்டிப் பாக்கும், சிரிக்கும்போது கையால மூடிக்கும், அப்புறம் மறந்துட்டு முழுசா சிரிக்கும். இது போட்டோல வராது. சில மாசத்துல புதுப்பல் வந்துடும், பேச்சு நேராயிடும், அதுக்கப்புறம் அந்தக் குரலை நீங்க எத்தனை இன்க்ரிமெண்ட் வாங்கினாலும் கேக்க முடியாது. உங்களுக்கு நேரம் இல்லைன்னு சொல்லாதீங்க, நாலு பக்கம் எழுத நேரம் இருந்திருக்கு.

வேலையை விடச் சொல்லல. இந்த வாரம் ஒரே ஒரு நாள் அவ முழிச்சிருக்கும்போது வீட்டுக்குப் போங்க. போனை செருப்பு ஸ்டாண்டுலயே வெச்சுட்டு உள்ள போங்க. பல் எப்படி விழுந்துச்சுன்னு கேளுங்க, அவ முதல்ல இருந்து சொல்லட்டும், எவ்வளவு இழுத்தாலும் நடுவுல பேசாதீங்க.